இரண்டு பேரில் போட்ட சரக்கு

எந்த பில் கைக்கு வந்தாலும், இதில் எங்கே அடித்திருக்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் எவ்வளவு என்று பார்ப்பேன். பெட்ரோல் பங்க், மருந்துக்கடை, செல்போன் ரீசார்ஜ், எதற்கும் விலக்கில்லை. இந்தப் புத்தியை நான் எங்கும் போய்ப் படிக்கவில்லை. கொடைக்கானல் மேல்மலையில் காய்கறி போடுகிற வீட்டில் பிறந்தால் தானாக வந்துவிடும்.

எங்கள் ஊர் கேரட்டும் பீன்ஸும் சாயங்காலம் வண்டி ஏறும். பெருமாள்மலை வழியாக இறங்கி ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்ச் சேரும். அங்கே கமிஷன் கடையில் ஏலம் விடுகிறவர் இருப்பார், எடுக்கிறவர் இருப்பார், எடை போடுகிறவர் இருப்பார். விளைய வைத்தவர் மட்டும் இருக்க மாட்டார். மறுநாள் டிரைவர் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டுவார். என்ன விலைக்குப் போனது, எவ்வளவு கழிவு, எவ்வளவு கமிஷன் என்று அவர்கள் எழுதியதுதான் எழுத்து. அழுகல் என்று இரண்டு கிலோ தள்ளியிருந்தால் அந்த அழுகலை நாம் போய் மோந்தா பார்க்க முடியும்?

இதற்கு என் அப்பா ஒரு வழி வைத்திருந்தார். அப்பா மட்டுமல்ல, எங்கள் ஊரில் பாதிப் பேர். ஒரே காட்டில், ஒரே நாளில் எடுத்த கேரட்டை இரண்டாகப் பிரிப்பார். ஒரு பாதி மூட்டைகளில் தன் பெயரின் எழுத்தை மையால் போட்டு ஒரு கடைக்கு அனுப்புவார். மறு பாதியில் சித்தப்பாவின் எழுத்தைப் போட்டு இன்னொரு கடைக்கு அனுப்புவார். மறுநாள் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவன் கை நீளம் என்று தெரிந்துவிடும். சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டெல்லாம் போடுவதில்லை. சித்தப்பாவும் தன் சரக்கை அப்பா எழுத்தில் போடுவார், அவரும் கேட்டதில்லை. கடைக்காரர்களுக்கும் இது தெரியும். யாரும் இதைத் தப்பு என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. நான் செய்த காரியத்தைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். இது சாக்குப்போக்கு இல்லை, கொஞ்சம் சாக்குப்போக்குதான்.

கோயம்புத்தூரில் சில வருடம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது எனக்கும் என் தோழிக்கும் ஒரு யோசனை வந்தது. அவளும் நானும் கொடைக்கானலில் ஒரே பள்ளி, ஒரே ஹாஸ்டல், ஒரே பெஞ்சு. அவள் டவுன்காரி. நன்றாக வரைவாள். கணவன் அவளோடு இல்லை. ஒரு மகள், நாலாவது படிக்கிறாள். தமிழ் எழுத்துகளுக்குக் குழந்தைகள் வண்ணம் தீட்டுகிற மாதிரி ஒரு சின்ன ஆப்பை அவள் ஏற்கெனவே செய்து, போனில் கேம்கள் விற்கிற பெரிய கடை ஒன்றில் போட்டிருந்தாள். வெளிநாட்டில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் அதை வாங்கிக்கொண்டிருந்தன. வீட்டு வாடகையும் மகளின் பள்ளிக் கட்டணமும் அதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

இருவரும் சேர்ந்து ஒரு கேம் செய்தோம். மேல்மலையிலிருந்து மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டியைக் கீழே இறக்க வேண்டும். பனி மூடும். வளைவில் காட்டுமாடு நிற்கும். சுற்றுலா வேன்காரன் போட்டோ எடுக்க ரோட்டை அடைத்து நிறுத்தியிருப்பான். திடுக்கென்று பிரேக் அடித்தால் கேரட் சிதறும். மெதுவாகப் போனால் ஏலம் முடிந்துவிடும். வண்டி ஓடுவது என் வேலை, மலையும் பனியும் சத்தமும் அவள் வேலை. பெருமாள்மலை முக்கில் நின்று ஹாரன் சத்தங்களைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆயிற்று. என் பெயரில் அக்கவுண்ட் தொடங்கி அதே கடையில் போட்டோம்.

“உன் பேர்லயே போடுடீ. அந்த டாக்ஸ் ஃபார்மெல்லாம் பார்த்தாலே எனக்குத் தலைவலி வருது” என்றாள். அவளுடைய ஃபார்ம்களையும் நான்தான் நிரப்பிக் கொடுத்திருந்தேன். அதனால் அவள் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்.

நூறு ரூபாய்க்கு விற்றால் முப்பது கடைக்கு. முதல் மாதச் சீட்டு வந்ததும் எனக்குக் கொதித்துவிட்டது.

“பத்து ரூவா எடுக்குறவனையே எங்கப்பா களவாணிங்கிறாரு. இவனுக முப்பது எடுக்கிறானுக. மூட்டை தூக்குனானா, ஏலம் கூவுனானா?”

அவள் சிரித்தாள். “அவன் உங்க கேரட்டை ஒட்டன்சத்திரத்துல விக்கிறான். இவன் நம்ம கேமை வேர்ல்ட் ஃபுல்லா விக்கிறான். நீயே தனியா வித்துப் பாரேன், யாரு வர்றான்னு.”

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. காட்டுமாட்டைக் கண்ணால் கண்டிராத எவனோ ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து எங்கள் மலையில் வண்டி ஓட்டுகிறான். நானாகப் போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க முடியாது. ஆனால் கமிஷன் கடைக்காரருக்கு ஒரு முகம் உண்டு. ஒரு தடவை பீன்ஸுக்கு அநியாயமாகக் கழிவு போட்டார்கள் என்று அப்பா பஸ் ஏறிப் போய்க் கடை முன்னால் நின்று கத்தினார். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து, சீட்டைத் திருத்திக் கொடுத்தார். திருத்தியது சரியா என்பது வேறு விஷயம், அப்பா அதையும் நம்பவில்லை. ஆனாலும் கத்துவதற்கு ஓர் ஆள் இருந்தார். இந்தக் கடைக்கு நான் எந்த பஸ்ஸில் போவேன்?

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் குறைந்து சந்தேகம் கூடியது. எங்கள் கேமின் பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்துத் தேடினால் முதலில் வருவது வேறு ஒரு லாரி கேம். மேலே பொடி எழுத்தில் ‘விளம்பரம்’ என்று இருக்கும். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் முன்னால் வந்து நிற்பதற்கு நான் காசு கட்ட வேண்டும். எந்தச் சந்தையில் ஐயா இந்த வழக்கம்? இன்னொரு நாள், பண்டிகைத் தள்ளுபடி என்று ஒரு மெயில். பாதி விலைக்கு விற்க நான் சம்மதிப்பதாக அவர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள். வேண்டாம் என்றால் நான் போய் எடுத்துவிட வேண்டுமாம். எடுத்துவிட்டேன். அடுத்த வாரமே கேமைப் பார்ப்பவர்களின் கணக்கு சரிந்தது. திரையில் அந்தக் கோடு எங்கள் மலை ரோடு மாதிரியே இறங்கியது.

கடைக்கு எழுதிக் கேட்டேன். அனுப்பி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று பதில் வந்தது. கீழே ஒரு மனிதப் பெயர். அந்தப் பெயருக்கு நான் நாலு தடவை பதில் எழுதினேன். நாலு தடவையும் என் பொறுமைக்கு நன்றி சொன்னது.

“டிஸ்கவுண்டுக்கு ஒத்துக்கலைன்னு நம்மள அமுக்குறானுக” என்றேன்.

“எக்ஸாம் டைம்டீ, பிள்ளைங்க விளையாடாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்றாள் அவள். அவள் சொன்னதும் சரியாக இருக்கலாம். எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே சரக்கை இரண்டு பேரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இது எனக்குத் தோன்றியபோது, இவ்வளவு நாள் ஏன் தோன்றவில்லை என்றுதான் ஆச்சரியப்பட்டேன்.

அவள் மகளின் பள்ளியில் விளையாட்டு விழா. எங்கள் ஊரில் நெட் ஆமை வேகம் என்பதால் பெரிய வேலை இருந்தால் வெள்ளனவே பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். அன்றும் போயிருந்தேன். “குக்கர்ல மூணு விசில் வந்ததும் ஆஃப் பண்ணிடு, ப்ளீஸ்” என்று சொல்லிவிட்டு, மகளுக்குத் தொப்பியை மாட்டி இழுத்துக்கொண்டு ஓடினாள். நான் அவள் கம்ப்யூட்டரைத் திறந்தேன். கேமின் பெயரை மாற்றினேன். சிவப்பு வண்டியை நீலமாக்கினேன். அவள் அக்கவுண்டில் ஏற்றினேன். தள்ளுபடி டிக்கை எடுக்காமல் அப்படியே விட்டேன். விசில் நாலோ ஐந்தோ ஆகிவிட்டது.

உறுத்தியதா என்றால், ஒரு நொடிகூட உறுத்தவில்லை. இதை எழுதும்போதுதான் உறுத்துகிறது. அவளிடம் சொன்னால் பயப்படுவாள், முடிவு தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நம்ம சரக்கு, நம்ம எழுத்து. சித்தப்பாவிடம் யார் கேட்டார்கள்?

எட்டு நாள் பார்த்தேன். அவள் மாதச் சீட்டு வரும்போதுதான் தன் அக்கவுண்டைத் திறந்து பார்ப்பாள். எங்கள் ஊரில் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற மேடு ஒன்று உண்டு. தினமும் அங்கே போய் நின்று இரண்டு கோடுகளையும் பார்ப்பேன். நீல வண்டி ஏறிக்கொண்டே போனது. சிவப்பு வண்டி கிடந்த இடத்திலேயே கிடந்தது. எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். அந்த எட்டு நாளும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கேம் முதன்முதலில் விற்ற நாளில்கூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை. சந்தேகப்பட்டது சரி என்று தெரிவதில் ஒரு ருசி இருக்கிறது, அதற்கு ஈடே கிடையாது.

ஒன்பதாம் நாள் காலையில் என் அக்கவுண்டை மூடிவிட்டார்கள். தொடர்புள்ள இரண்டு அக்கவுண்டுகளில் ஒரே பொருளை மறைத்துப் போட்டதாகக் காரணம். மெயிலைப் படித்து முடிப்பதற்குள் போன் அடித்தது.

“ஏய், என் கலரிங் ஆப்பைக் காணோம்டீ. அக்கவுண்டே க்ளோஸ்னு மெயில் வந்திருக்கு. நான் என்னடீ பண்ணேன்?” என்றாள் அவள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது இதுதான்: “களவாணிப் பயலுக. நான் அப்பவே சொன்னேன்ல?”

இரண்டு நாள் அவள் கடையைத் திட்டினாள், நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். அவளைவிடச் சத்தமாகத் திட்டினேன். அவள் மெயிலைப் பாதிதான் படித்திருந்தாள், இங்கிலீஷ் சட்டப் பாஷை வந்ததும் மூடிவிட்டாள் என்று எனக்குத் தெரியும். என் கோபம் பொய்யில்லை, அதுதான் விஷயத்தை இன்னும் மோசமாக்கியது. ஒரு மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஏன் எதற்கு என்று விசாரிக்காமல், குழந்தைகள் வண்ணம் தீட்டுகிற ஆப்பையும் சேர்த்து இழுத்து மூடுவது என்ன நியாயம்? ஒரு மூட்டை சரியில்லை என்றால் ஒட்டன்சத்திரத்தில் அந்த மூட்டையைத்தான் தள்ளி வைப்பார்கள்.

உண்மையை முதலில் அப்பாவிடம்தான் சொன்னேன். கேரட் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ரெண்டு பேர்ல போட்டதுக்கா ஆத்தா, கடையவே சாத்திட்டான்? அப்பிடிப் பார்த்தா நம்மூருல பாதிப் பய பட்டினில்ல கெடக்கணும்.”

“அவளுக்குத் தெரியாமப் போட்டுட்டேன்ப்பா.”

“அதுக்கென்ன? நம்ம சரக்கத்தான போட்ட. அந்தப் பிள்ளை என்ன கேக்கப் போகுது?”

நான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தைகள். அவர் வாயிலிருந்து கேட்டபோது எனக்குக் கூசியது. சித்தப்பாவும் அப்பாவின் எழுத்தைப் போட்டுக்கொள்கிறார். அவள் என் பெயரை என்றைக்கு எடுத்துக்கொண்டாள்? மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

போவதற்குள் அவள் மெயிலை முழுக்கப் படித்துவிட்டிருந்தாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் திரையை என் பக்கம் திருப்பினாள்.

“ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு ஏத்தியிருக்கு. காலைல பத்து இருபதுக்கு. நான் கிரவுண்ட்ல இருந்தேன். பாப்பா லெமன் ஸ்பூன்ல ஓடிக்கிட்டு இருந்தா. வீட்ல நீ மட்டும்தான் இருந்த.”

“நான்தான்” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். படம் பிடித்து வைத்திருந்த கோடுகளைக் காட்டப் போனை எடுத்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

“ரெண்டு நாள் என்கூடச் சேர்ந்து திட்டுனியேடீ” என்றாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எழுந்து போய் அடுப்படியில் ரொம்ப நேரம் நின்றாள்.

மேல்முறையீடு என்று ஒரு ஃபார்ம் இருந்தது. ஒரே ஒரு தடவைதான் அனுப்ப முடியும். உள்ளங்கை அளவுக்கு ஒரு கட்டம், அதற்குள் எழுத வேண்டும். நான் விறுவிறுவென்று எழுதினேன். விளம்பரம், தானாகப் போட்ட டிக், சரிந்த கோடு, ஏறிய கோடு, முகமில்லாத பதில்கள். ஏழு மாதம் மனசுக்குள் சேர்த்து வைத்ததையெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் அடைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அதில் ஒரு வரியை நான் மாற்ற மாட்டேன். அவள் பின்னால் நின்று படித்தாள்.

“எல்லாம் சரி. இதுல நான் எங்கடீ இருக்கேன்?”

தேடிப் பார்த்தேன், அவள் எங்கும் இல்லை. அவளைக் காப்பாற்ற எழுதிய கடிதம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது கடையை மடக்க எழுதிய கடிதம். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று அவள் அக்கவுண்டை எடுத்துப் பரிமாறியவள், அவளுக்கிருந்த ஒரே வாய்ப்பையும் என் சண்டைக்கு எடுத்துக்கொள்ளப் போனேன். அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்த அக்கவுண்டின் உரிமையாளருக்குத் தெரியாமல், அவர் அனுமதி இல்லாமல், அவர் வீட்டில் இல்லாத நேரத்தில், அவர் என்னை நம்பிக் கொடுத்த பாஸ்வேர்டைப் பயன்படுத்தி நான் இதைச் செய்தேன், இதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை என்று எழுதி என் பெயரைப் போட்டேன். இதை அனுப்பினால் என் அக்கவுண்ட் ஜென்மத்துக்கும் திரும்பாது. கேமும் போய்விடும். அவள் வரைந்த மலையும் பனியும் அதோடு போகும்.

“உன் ரெண்டு வருஷ வேலையும் போகுமேடீ” என்றேன்.

“போகட்டும். அனுப்பு.”

மூன்று வாரம் பதில் இல்லை. அந்த மூன்று வாரமும் அவள் ஏரிப் பக்கத்துக் காட்டேஜ்களுக்குப் போர்டு எழுதினாள். குளிரில் பெயின்ட் காயாமல் வழிந்து, ஒரே போர்டை இரண்டு தடவை எழுதியதாகக் கேள்விப்பட்டேன். நான் பணம் அனுப்பினேன், திருப்பி அனுப்பிவிட்டாள். போன் செய்தால் எடுத்தாள். ‘நல்லாருக்கேன்’ என்பாள், ‘சோலி கெடக்கு’ என்று வைத்துவிடுவாள். ‘சோலி கெடக்கு’ என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. பள்ளியில் அதைச் சொல்லித்தான் என்னைக் கிண்டல் செய்வாள். இப்போது கிண்டல் இல்லாமல் சொன்னாள்.

பிறகு ஒரு நாள் அவள் அக்கவுண்டைத் திறந்துவிட்டார்கள். இரண்டு வரி மெயில். யார் படித்தார்கள், எதனால் திறந்தார்கள், ஒன்றும் இல்லை. ஒரு மனுஷர் படித்திருப்பாரா என்று எனக்கு இன்னமும் சந்தேகம்தான். என் அக்கவுண்ட் மூடியது மூடியதுதான். அதுவரை விற்றதில் எனக்கு வர வேண்டியதையும் நிறுத்திக்கொண்டார்கள். முப்பது அநியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். அந்த இரண்டு கோடும் என் போனில் இன்னமும் இருக்கின்றன. அவை எதைக் காட்டுகின்றன என்று இப்போது எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. தள்ளுபடி கொடுத்த சரக்கு அதிகம் விற்பதில் என்ன சூழ்ச்சி இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லக் கொஞ்சம் திணறுவேன். ஆனால் அழிக்கவில்லை.

திறந்த செய்தி கேட்டு அவள் வீட்டுக்குப் போனேன். மகள் வாசலில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தாள். தோழி டீ போட்டுக் கொடுத்தாள். கலரிங் ஆப் திரும்ப வந்துவிட்டதைக் காட்டக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையை லேசாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். வேண்டுமென்று செய்தது மாதிரியே இல்லை, கை தானாகத் திருப்பியது. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஏதாவது பேச வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். “பாரு, இந்த மூணு வார வியாபாரத்துக்கு யாரு பதில் சொல்லுவா? கேட்க நாதியில்லைன்னுதான முப்பது முப்பதா எடுக்குறானுக.”

“ஆமா, எடுக்குறாங்க” என்றாள் அவள், திரையைப் பார்த்துக்கொண்டே. “எடுப்போம்னு மொதல்லயே சொல்லிட்டு எடுக்குறாங்க. நீ என்கிட்டச் சொன்னியா?”

நான் டீயைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். “சரி” என்றாள்.